தாவீது பார்க்காத ஆலயம்



இந்த மாதம் செய்தி கொடுக்குமுன் நான் உங்களிடத்தில் ஒரு காரியத்தை அறிக்கை செய்ய வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்பு நம் சபையின் விதவைத் தாயார் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். எண்ணெய் பூசி ஜெபிக்கப் போனேன். ஜெபம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "பாஸ்டர், ரோட்டோரமா இருக்கே அந்த மூணு சென்ட், அதை நம்ம சபை விதவைகளுக்குன்னு நினைச்சு வச்சிருக்கேன். பிள்ளைங்களுக்கு வீடு இருக்குது" என்றார்கள். நானும் "ஆமென் அம்மா, கர்த்தர் பார்த்துக்குவார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் கர்த்தர் அவர்களை எடுத்துக்கொண்டார்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. மகள், "அம்மா என்கிட்டயும் சொன்னாங்க" என்றார். மகன்கள் இருவரும், "எங்ககிட்ட சொல்லலியே" என்றார்கள். இடம் பிள்ளைகளுக்கே போனது. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எழுத்தில் ஒன்றும் இல்லாதபோது சட்டம் அப்படித்தான். ஆனால் ஒரே தாயின் பிள்ளைகள் இன்றைக்கும் ஒருவரோடொருவர் பேசுகிறதில்லை. குற்றம் என்மேல்தான். தசமபாகத்தைக் குறித்து வருஷந்தோறும் பிரசங்கிக்கிற நான், உயிலைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. "பாஸ்டர் நம்ம சொத்துமேல கண்ணு வச்சிட்டாரு" என்பார்களே என்ற மனுஷபயம்! பைபிள் காலேஜிலும் எங்களுக்கு இதைப் பற்றி ஒரு வகுப்பு நடந்ததில்லை.

எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தர் 15 வருஷம் ஆயுசைக் கூட்டிக் கொடுத்ததை எத்தனை தரம் பிரசங்கித்திருக்கிறோம்! அதே அதிகாரத்தின் முதல் வசனத்தில் (2 இராஜாக்கள் 20:1) வீட்டுக் காரியங்களை ஒழுங்குபண்ணச் சொல்லி தீர்க்கதரிசி வந்தாரே, அதை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுகிறோம்.

தாவீதைப் பாருங்கள். ஆலயத்தைக் கட்டுகிறவன் நீ அல்ல என்று கர்த்தர் சொல்லிவிட்டார். வேறொருவனாயிருந்தால் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தாவீதோ தன் சொந்தப் பொருளிலிருந்து 3,000 தாலந்து பொன்னும் 7,000 தாலந்து வெள்ளியும் எடுத்து வைத்தான் (1 நாளாகமம் 29). சாலொமோன் ராஜாவாகி நாலாம் வருஷத்தில்தான் வேலை ஆரம்பித்தது. கட்டி முடிக்க ஏழு வருஷம். தாவீது ஒரு கல்லையும் பார்க்கவில்லை. ஆனாலும் எண்ணி, நிறுத்து, எல்லார் முன்பாகவும் சொல்லி வைத்துவிட்டுப் போனான்.

சிலருக்கு ஒரு பயம் உண்டு, உயில் எழுதினால் உயிர் போய்விடும் என்று. ஈசாக்கு தன் மரண நாள் தெரியாது என்று சொல்லி மகனை ஆசீர்வதிக்கக் கூப்பிட்டான். யாக்கோபு லாபான் வீட்டில் 20 வருஷம் இருந்து திரும்பி வந்தபோதும் தகப்பன் உயிரோடுதான் இருந்தான்!

சட்டம் கடினமாயிருக்கும் என்று நினைக்கவேண்டாம். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். கையெழுத்துத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம். இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்து, உங்கள் முன்பாகவே கையெழுத்துப் போடவேண்டும். யாருக்குக் கொடுக்கிறீர்களோ அவரோ, அவர் மனைவியோ கணவரோ சாட்சியாக இருக்கக்கூடாது. இருந்தால் அவருக்கு எழுதினது செல்லாது. பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்வது நல்லது. மனம் மாறினால் மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதினதே நிற்கும்.

முன்பு நமக்கு ஒரு தடை இருந்தது. 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் 118-ம் பிரிவின்படி, நெருங்கின சொந்தம் உள்ள கிறிஸ்தவன் தர்மத்துக்கோ தேவ காரியத்துக்கோ எழுதினால், சாவதற்கு 12 மாதம் முன்பே எழுதி, 6 மாதத்துக்குள் சட்டம் சொன்ன இடத்தில் ஒப்படைத்திருக்க வேண்டும். கேரளத்துக் கத்தோலிக்க குருவானவர் ஒருவர் போட்ட வழக்கில் 2003-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கதவு திறந்தாயிற்று, நாம்தான் நுழையாமல் நிற்கிறோம்.

ஆனால் தேவபிள்ளையே, கொர்பான் காரியத்தை மறந்துபோகாதே (மாற்கு 7). பெற்றோரைப் பட்டினி போட்டுவிட்டுத் தேவனுக்குக் கொடுத்தேன் என்கிறவனை இயேசு கடிந்துகொண்டார். மனைவிக்கு இருக்க இடம் இருக்கிறதா, கல்யாணமாகாத மகள் இருக்கிறாளா, முதலாவது அதைப் பார். மீதியில் கொடு. கொடுப்பதைப் பிள்ளைகளை உட்காரவைத்து இப்போதே சொல்லிவிடு. ஒருபோதும் என் பேருக்கு எழுதாதே! எந்த ஊழியக்காரன் பேருக்கும் வேண்டாம். பதிவுபெற்ற டிரஸ்டின் பேருக்கு, எந்தக் காரியத்துக்கு என்றும் குறித்து எழுது.

போன மாதம் நானும் என் மனைவியும் தனித்தனித் தாளில் எழுதினோம். எங்களுக்கு இருப்பது ஒரு ஓட்டு வீடும் கொஞ்சம் சேமிப்பும்தான். சேமிப்பில் பத்தில் ஒரு பங்கு விதவைகளுக்கு. சாட்சிக் கையெழுத்துப் போட வந்த பக்கத்து வீட்டு அண்ணன், "ஐயா, உங்களுக்கு இன்னும் ஐம்பதே ஆகலியே" என்று சிரித்தார். அவருக்கும் தாவீதின் கதையைச் சொன்னேன்.

அந்தத் தாயாரின் பிள்ளைகள் மூவருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். மூத்தவர் இன்னும் ஆராதனைக்கு வருகிறதில்லை.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் சகோதரன்