காவலும் பலனும்

1942 மார்ச் 4ஆம் நாள் காலை, ஜாவாவுக்குத் தெற்கே மூன்று கப்பல்களுக்குக் காவலாகச் சென்ற ஆஸ்திரேலியாவின் சிறு போர்க்கப்பலாகிய ‘யாரா’வை ஜப்பானின் மூன்று பெருங் குரூசர்கள் எதிர்ப்பட்டன. கப்பல் தலைவர் ராங்கின், மற்றவற்றைச் சிதறிச் செல்லப் பணித்து, புகைத்திரை எழுப்பி, தாமே பகைவரை எதிர்த்தார். ஆயினும் நான்கு கப்பல்களும் மூழ்கின. யாராவின் 151 பேரில் உயிர் மீண்டோர் 13 பேரே.

காத்தல் கைகூடாதெனத் தெரிந்தும் அத்தனை உயிர்களைப் பணயம் வைத்தது தகுமா? பலனை மட்டும் நிறுத்துப் பார்ப்போர் தகாதென்பர். நாமோ மற்றொன்றையும் நினைக்கிறோம். கப்பலைக் கைவிடுமாறு கட்டளை பிறந்த பின்னரும், டெய்லர் என்னும் மாலுமி தம் பீரங்கியை விட்டகலாது சுட்டுக்கொண்டே மாண்டார். அப்போது அவரைப் பிணித்தது கட்டளையன்று. தாம் ஏற்ற அமானிதமே. வெற்றி மனிதன் கையில் இல்லை. ஒப்படைக்கப்பட்டதைக் கைவிடாமை அவன் கையில் உண்டு. வெல்லும் நாளில் மட்டும் நிற்பது காவலாகுமா?