கூட்டத்தை விட்டுத் தனியே



காது கேளாத, பேச்சுத் திக்கிய ஒருவனைச் சேசுநாதரிடம் கொண்டுவந்ததாக அர்ச். மாற்கு சுவிசேஷம் 7-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆண்டவர் அவனைக் கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துப்போனார். காதுகளில் விரலை வைத்தார், நாவைத் தொட்டார். காது கேளாதவனுக்கு விளங்கும் பாஷை அதுதானே!

வகுப்பில் பின்தங்கும் ஒரு பிள்ளையை இப்படித் தனியே அழைத்து, அதன் கண்ணோ கையோ ஏற்கும் வழியில் கற்பிப்பவரே சிறப்புக் கல்வி ஆசிரியர். இதற்கு இரக்கம் மட்டும் போதாது. படிப்பும் வேண்டும். பட்டம் பெற்றபின் சிறப்புக் கல்வியில் பி.எட். படிக்கலாம்; விரும்பினால் அதற்குமேல் எம்.எட். படிப்பும் உண்டு. 1992-ம் வருஷத்துச் சட்டப்படி, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயரில்லாதவர் இவ்வேலை செய்யலாகாது. ஆகையால் பணம் கட்டுமுன், கல்லூரிக்கு அக்கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என்று விசாரியுங்கள். 1995-ம் வருஷத்துச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே சொல்லிற்று. 2016-ம் வருஷத்துச் சட்டமோ ஆட்டிசம், கற்றல் குறைபாடு முதலியவற்றையும் சேர்த்து 21 என்கிறது. முன்பு "மக்கு" என்று அடிபட்ட பிள்ளைகள் எத்தனை பேரோ!

மனநல ஆலோசகராவதற்கும் மனோதத்துவத்தில் முதுகலைப் படிப்பு உண்டு. புத்தி சொல்ல ஊரில் ஆளுக்குக் குறைவில்லை. குறுக்கே பேசாமல் கேட்பதற்குத்தான் வருஷக்கணக்கில் பயிற்சி.

"ஊமைப் பிள்ளைகளோடு காலந்தள்ளவா பட்டம் வாங்கினாய்?" என்று மகளைத் தடுக்கும் தகப்பன்மாரே, திருநாளன்றுகூட வீட்டுக்குள் வைத்துப் பூட்டப்படும் பிள்ளை நம் பங்கிலே உண்டு. அதற்கு எழுத்துச் சொல்லித்தர இன்னும் ஒருவரும் வரவில்லை. உங்கள் மகள் போகட்டும். விண்ணப்பம் எழுதத் தெரியாவிட்டால், ஞாயிறு பூசைக்குப்பின் அவளைக் கூட்டிக்கொண்டு சுவாமியார் பங்களாவுக்கு வாருங்கள்.