"ஒன்றுமில்லை, எழுந்திரு!"

விளையாட்டில் விழுந்த பிள்ளையிடம் நாம் முதலில் சொல்லும் சொல் இது. ஆறுதல் தரும் சொல்தான். ஆனால், அது எப்போதும் உண்மையான சொல்தானா? காலில் சக்கரம் பூட்டி விளையாடும் ரோலர் ஸ்கேட்டிங்கை எடுத்துக்கொண்டு இக்கேள்வியைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

இவ்விளையாட்டின் தொடக்கத்திலேயே ஒரு விபத்துக் கதை உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் இலண்டனில் வாழ்ந்த கருவி வல்லுநர் ஜான் ஜோசப் மெர்லின், தாம் செய்த சக்கரக் காலணிகளை அணிந்து, வயலின் வாசித்தபடியே ஒரு விருந்து மண்டபத்தில் வலம் வந்தாராம். வேகத்தைத் தணிக்கவோ திசை திருப்பவோ வழியறியாமல் நிலைக்கண்ணாடி ஒன்றில் மோதிப் பலத்த காயமுற்றாராம். உடைந்த கண்ணாடியின் விலை 500 பவுனுக்கு மேல் என்று கதை கணக்குச் சொல்கிறது. உடைந்த மனிதர் பின்னர் என்ன வலியோடு வாழ்ந்தார் என்பதை அது சொல்லவில்லை. நாமும் பெரும்பாலும் அப்படித்தான். விழுந்த கணத்தை நினைவில் வைக்கிறோம், பின்வரும் ஆண்டுகளை மறந்துவிடுகிறோம்.

சக்கரம் வழுக்கும்போது கை தானாகவே முன்னே நீண்டு தரையில் ஊன்றுகிறது. உடலின் பாரம் மணிக்கட்டில் இறங்குகிறது. அங்குள்ள எட்டுச் சிற்றெலும்புகளுள் பெருவிரலின் அடியில் இருப்பது ஸ்காபாய்டு எனும் படகெலும்பு. அது முறிந்தாலும் பெரிய வீக்கம் தோன்றாதிருக்கலாம். முதல் எக்ஸ்-ரே படத்தில் முறிவு தெரியாமலும் போகலாம். "வெறும் சுளுக்கு" என்று எண்ணெய் தேய்த்து விட்டுவிடுவோம். அவ்வெலும்பின் ஒரு முனைக்கு இரத்தம் மறுமுனை வழியாகவே பெரிதும் செல்வதால், இடையில் முறிந்தால் அப்பகுதி இரத்தமின்றி நலியக்கூடும். முறிவு சேராமலே நின்றுவிடவும் கூடும். வலி தணிந்து, எல்லாம் மறந்து, பல ஆண்டுகள் கழித்து, தாழ்ப்பாளைத் திருகும்போதும் குடத்தைத் தூக்கும்போதும் அப்பழைய வீழ்ச்சி மூட்டுத் தேய்மானமாக எழுந்து வருகிறது.

வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு கவலையும் உண்டு. எலும்பின் முனையருகே, எலும்பு நீள்வதற்குரிய மெல்லிய குருத்துத் தட்டு இருக்கிறது. அது சிதைந்தால் கை குட்டையாகவோ கோணலாகவோ வளர நேரலாம். பெரும்பாலான பிள்ளைகளின் முறிவுகள் நன்றாகவே ஆறிவிடுகின்றன என்பதும் உண்மையே. ஆயினும், ஆறுவது எது, ஆறாதது எது என்பதை விழுந்த அன்றே நம் கண்ணால் கண்டறிய இயலாது.

அப்படியானால் பிள்ளைகளைத் தடுத்துவிடுவதுதான் அன்பா? அன்று. விழாமல் நடை பயின்றவர் எவர்? மேலும், தடை ஒரு தீய விளைவையும் தருகிறது. தடையை மீறி விளையாடிய பிள்ளை, ஏச்சுக்கு அஞ்சித் தன் வலியை மறைக்கிறது. "ஒன்றுமில்லை" என்று நாம் தள்ளிவிட்ட வலியும், "சொன்னேனே, கேட்டாயா?" என்ற சொல்லுக்கு அஞ்சிப் பிள்ளை மறைத்த வலியும் ஒரே இடத்தில்தான் போய்ச் சேர்கின்றன. கவனிக்கப்படாத எலும்பில்! அலட்சியமும் அச்சுறுத்தலும் எதிரெதிரானவை என்று எண்ணுகிறோம். இரண்டும் பிள்ளையின் வாயை அடைப்பதில் ஒன்றே அல்லவா?

அன்புக்கு வேறு வழி உண்டு. அமெரிக்காவில் 1996-இல் வெளியான ஓர் ஆய்வு, மணிக்கட்டுக் காப்பு அணியாமல் சக்கரத்தில் சறுக்குவோருக்கு, அணிந்தோரைவிட மணிக்கட்டுக் காயம் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 10 மடங்கு என்று கண்டது. சக்கரங்களுக்குச் செலவிடும் நாம், காப்புக்கும் தலைக்கவசத்துக்கும் கணக்குப் பார்க்கலாமா? காப்பையும் மீறி அடிபட்டு, பெருவிரலின் அடியில் வலி நீடித்தால், முதல் படம் நன்றாயிருந்தாலும் மருத்துவர்கள் கட்டுப் போட்டு, இரண்டு வாரங்கள் போல் கழித்து மீண்டும் படம் எடுத்துப் பார்ப்பதுண்டு. ஐயத்தின் பயனை வலிப்பவருக்கே தரும் அந்த மருத்துவ நெறியில் ஓர் அறநெறியும் அடங்கியிருக்கிறது.

பிறர் வலியை நம்புவது எளிதன்று. அதை நாம் உணர்வதில்லை. சொல்பவரின் சொல் ஒன்றே சான்று. ஆகவே, அடுத்த முறை பிள்ளை விழும்போது "ஒன்றுமில்லை" என்று தீர்ப்புச் சொல்லுமுன், அருகில் குனிந்து "எங்கே வலிக்கிறது?" என்று கேட்போம். கேட்டுவிட்டு, விடை வரும்வரை காத்திருப்போம்.