நரம்பின் மின்குறியும் உணர்வும்

சென்ற திங்கள் எமது கடைவாய்ப் பல்லொன்றைப் பிடுங்குவித்த ஞான்று, மருத்துவர் முன்னர்ப் பல்லீற்றில் ஒரு மருந்தை ஊசியாற் செலுத்தினார். சிறிது போழ்தில் அவ்விடம் மரத்தது. குறட்டின் இழுப்பை உணர்ந்தோம், நோவை உணர்ந்திலோம். உணர்வது உயிரே என இளமைதொட்டு ஓதியும் ஓதுவித்தும் வந்த எமக்கு, ஒரு துளி மருந்து உயிரின் உணர்வைத் தடுத்தவாறு என்னை என்னும் ஐயம் எழுந்தது.

நரம்பணுவின் இயல்பை ஆராய்ந்தோர் கூறுவது வருமாறு: அணுவின் உள்ளே பொட்டாசியமும் புறத்தே சோடியமும் மிக்கிருக்கும். அதன் சவ்விலுள்ள ஒரு புரதம் மூன்று சோடிய அயனிகளைப் புறம்போக்கி இரண்டு பொட்டாசிய அயனிகளை உட்கொணர்ந்து இவ்வேற்றுமையைக் காக்கும். பொட்டாசியம் புறத்தே கசிதலின், வாளாவிருக்குங்கால் உட்புறம் ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் தாழ்ந்து நிற்கும். தூண்டுதல் ஓரெல்லையைக் கடப்பின் சோடிய வாயில்கள் திறக்கும். சோடியம் உட்பாய உட்புறம் நேர்மின்னாகும். உடனே அவை அடைபட, பொட்டாசியம் வெளிச்சென்று பழைய நிலை மீளும். ஓரிடத்து மாற்றம் அடுத்த இடத்து வாயிலைத் திறக்க, குறி நரம்பின்வழி ஓடும். கணவாயின் பருத்த நரம்பிழையை ஆராய்ந்து ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் ஆங்கிலேயர் இருவர் 1952 ஆம் ஆண்டில் இதனைக் கணித முறையான் விளக்கினர். எமக்கிட்ட மருந்து அடைத்தது அச்சோடிய வாயிலையே.

இதுகொண்டு உலகாயதர், ‘குறி நின்றது, நோவும் நின்றது; ஆகலின் குறியே உணர்வு’ என்பர். விளக்கு அவியக் காட்சி இலதாயினும் விளக்கே காண்பானாதல் இல்லை என விடுத்தல் எளிது. ஆயின் அவ்விடை பாதியே. விளக்கு காண்பானன்று என்பதைக் காட்டுமேயன்றிக் காண்பான் வேறுண்டு என்பதைக் காட்டாது. எம்மவருட் சிலர் இவ்வுவமையளவில் அமைந்துவிடுதல் எமக்கு உடன்பாடன்று.

வலிய காரணம் பிறிதொன்று உண்டு. கண்ணின் நரம்பில் ஓடுங் குறியும் செவியின் நரம்பில் ஓடுங் குறியும் ஓரினத்தனவே. தூண்டுதல் வலிதாயவழியும் குறி பெரிதாவதில்லை. அடுத்தடுத்து மிகுதியாய் எழும், அவ்வளவே. ஒளி இது, ஒலி இது என்னும் பிரிவு குறியின்கண் இல்லை. அவை மூளையிற் சேரும் இடம் வேறாகலின் அறிவும் வேறாயிற்று என்பர். வேற்றுமைக்கு இடம் காரணமாகுக. ‘கண்ட யானே கேட்டேன்’ என்னும் ஒருமையை அவ்விடங்களுள் எது தரும்? பொறிகள் உயிரான் அறிந்தும் தம்மை அறியா எனச் சிவஞானபோதத்து ஐந்தாஞ் சூத்திரம் கூறுவது ஈண்டு நோக்கற்பாலது.

இனி, சோடியத்தின் பாய்ச்சல் உயிர்க்கு நோவாய்த் தோன்றுமாறு எங்ஙனம் என வினவுவார்க்கு உலகாயதர் இதுகாறும் விடை கூறிற்றிலர். ‘கருவி’ என்னும் ஒரு சொல்லைச் சொல்லி யாமும் அதனை விளக்கிவிட்டேமல்லேம்.