எல்லைக்கு இருபுறமும்

பாட்டன் பட்ட காயத்துக்காகப் பேரன் பகை பாராட்டலாமா என்பது பழைய கேள்வி. அப்பகையையே விளையாட்டாக்கிக் கொள்ளலாமா என்பது அதனினும் சிக்கலானது. அமெரிக்காவில் கான்சாஸ், மிசூரி என்னும் அண்டை மாநிலங்களின் பல்கலைக் கழகங்கள் 1891இல் தொடங்கிய பந்தாட்டப் போட்டியை முன்வைத்து இதனைச் சற்று ஆராய்வோம். (அவர்கள் கால்பந்து என்பது நாமறிந்த கால்பந்தன்று. நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி ஓடும் முரட்டாட்டம் அது. பெயருக்கும் பொருளுக்கும் அங்கே அவ்வளவுதான் உறவு!)

1854ஆம் ஆண்டுச் சட்டமொன்று, கான்சாஸில் அடிமை முறை வேண்டுமா என்பதைக் குடியேறுவோரே தீர்மானிக்கலாம் என்றது. அடிமை முறை நிலவிய மிசூரியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் எல்லை தாண்டி வந்து கள்ள வாக்களித்தனர். பிறகு துப்பாக்கி பேசியது. 1861இல் கான்சாஸ் படையினர் மிசூரியின் ஓசியோலா நகரைக் கொளுத்தினர். 1863 ஆகஸ்ட் 21 விடியலில் குவான்ட்ரில் என்பவன் ஏறத்தாழ 400 பேருடன் கான்சாஸின் லாரன்ஸ் நகருக்குள் புகுந்து, ஆண்களும் சிறுவர்களுமாக ஏறக்குறைய 150 பேரைக் கொன்று ஊருக்குத் தீயிட்டான். நான்கே நாளில், மிசூரியின் எல்லைப்புற மக்களை வீடுவாசல் விட்டு வெளியேற்றும் இராணுவ ஆணை பிறந்தது. கான்சாஸ் பல்கலைக் கழகம் இருப்பது அதே லாரன்ஸில்தான். அதன் ஆட்டக்காரர் சூடியுள்ள 'ஜேஹாக்' என்னும் பெயர் அந்நாளைய கான்சாஸ் படையினரிடமிருந்து வந்தது. மிசூரியாரின் 'புலிகள்' என்னும் பெயரோ கொலம்பியா நகரைக் காத்த ஊர்க்காவல் படையினருடையது.

துப்பாக்கி ஏந்திய கைகள் பந்தேந்துவது நல்லதுதானே என்பர். மறுக்கவில்லை. தன் கூட்டத்தார்மீது கொள்ளும் பற்றை அரபு மொழி 'அஸபிய்யத்' என்கிறது. இப்னு கல்தூன் அதில் அரசுகளை எழுப்பும் ஆற்றலைக் கண்டார். கண்மூடித்தனமான கட்சி வெறிக்கும் அதே சொல்தான்.

மைதானத்தில் இரண்டையும் காண்கிறோம். 1960இல் தோல்வியே காணாது வந்த மிசூரியைக் கான்சாஸ் 23–7 என வென்றது. தகுதியற்ற ஆட்டக்காரர் ஒருவரை இறக்கியதாகக் கூறி அவ்வெற்றி பின்னர் பறிக்கப்பட்டு மிசூரிக்கு அளிக்கப்பட்டது. இது மனிதருக்குள் நிகழும் சாதாரணச் சச்சரவு. ஆனால் எரியும் லாரன்ஸ் நகரை வரைந்து, அதுவே ஆட்டத்தின் 'ஸ்கோர்' எனக் கேலி செய்யும் சட்டைகளை மிசூரி இரசிகர் சிலர் அணிந்தனர். மறுபக்கத்தார் ஜான் பிரவுனின் உருவம் பொறித்த சட்டையணிந்தனர். பிரவுன் அடிமை முறையை எதிர்த்து நின்றவர். 1856இல் ஐவரை வீட்டிலிருந்து இழுத்து வந்து கொன்ற கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

இரு தரப்பையும் ஒரே தட்டில் வைக்க நாம் ஒப்போம். அடிமை முறையை எதிர்த்ததும் காத்ததும் ஒன்றல்ல. எனினும் நுழைவுச் சீட்டு வாங்கிய இளைஞன் அந்த நன்மையைச் சம்பாதித்தவனல்லன். எதிர்ப்புறம் அமர்ந்தவனும் அந்தக் குற்றத்தைச் செய்தவனல்லன். கொலையுண்ட சிறுவனை எண்ணிக்கையாக்கிச் சிரிக்கும் உரிமையை இவர்களுக்கு வழங்கியவர் யார்?

2004இல் 'எல்லைப் போர்' என்ற பெயரை இரு கழகங்களும் மாற்றின. மக்கள் வாயில் பழைய பெயரே நின்றது. 2012இல் மிசூரி வேறு ஆட்டக் கூட்டணிக்குப் போனதும் இந்த ஆட்டமே நின்று போனது. வியப்பு என்னவெனில், பகைவரைக் காணாது இரு ஊராரும் ஏங்கினர்! 2025 செப்டம்பர் 6 அன்று கொலம்பியாவில் மீண்டும் ஆடினர். மிசூரி 42–31 என வென்றது. 1960ஆம் ஆண்டு வெற்றியையோ இன்றளவும் இரு கழகங்களும் தத்தம் கணக்கிலேயே எழுதி வைத்திருக்கின்றன.