யாருக்காக அந்தக் குளிசை?

குளிர்காலம் வந்தால் ஐரோப்பாவின் முதியோர் இல்லங்களையும் ஆஸ்பத்திரிகளையும் சத்தியும் வயிற்றோட்டமும் ஒரு சுற்றுச் சுற்றிவரும். பெரும்பாலும் இது நோரோ வைரஸின் வேலை. 1968இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து நோர்வோக் நகரப் பாடசாலையொன்றில் பரவிய நோயிலிருந்து வந்த பெயர் அது. 1972இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் கிருமியைக் கண்டார்கள். கண்டும் என்ன, மனித நோரோ வைரஸை ஆய்வுகூடத்தில் ஒழுங்காக வளர்ப்பதற்கு 2016 ஆயிற்று. ஹூஸ்டனில் மேரி எஸ்டெஸ் குழுவினர், மனிதக் குடலின் மூலக் கலங்களிலிருந்து உருவாக்கிய இழையத்தில் அதைப் பெருகச் செய்தனர். வளராத கிருமியில் மருந்தை எப்படிச் சோதிப்பது? இன்றுவரை இதற்கென அங்கீகரிக்கப்பட்ட மருந்து கிடையாது.

நாளை ஒன்று வந்தால் அது யாருக்கு என்பதே எமது கேள்வி.

சுகதேகியை இது வாட்டுவது ஒன்றிலிருந்து மூன்று நாட்கள். டொக்டரைக் காண்பதற்குள் பாதி தீர்ந்துவிடும். உறுப்பு மாற்றிக்கொண்டவர்களின் நிலை வேறு. எதிர்ப்புச் சக்தி அடக்கப்பட்ட அவர்களின் குடலில் இது மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் தங்கிவிடுகிறது. அவர்களுக்காக மட்டும் இந்த ஆராய்ச்சி நடந்தாலும் நாம் அதை வீண் என்று சொல்லமாட்டோம். ஏழைநாட்டுக் குழந்தையைக் கொல்வது நீரிழப்பு. அதற்கு மருந்து ஏற்கெனவே உண்டு. 1971இல் வங்க அகதிகளிடையே கொலரா பரவியபோது டொக்டர் திலிப் மகலனபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தே உயிர்களைக் காத்தார். (அகதி முகாமில் நிரூபணமான வைத்தியம் என்பதை நாமாவது நினைவில் வைத்திருக்கலாம்.)

இன்னொருவர் இருக்கிறார், குசினியில் நிற்பவர். வருத்தம் மாறிய பின்னும் கிருமி மலத்தோடு நாட்கணக்கில் வெளியேறும். சொற்பமே தொற்றுக்குப் போதும். அதனால்தான் சத்தியும் வயிற்றோட்டமும் நின்று 48 மணித்தியாலங்கள் கழியும்வரை உணவைத் தொடும் வேலைக்கு வரவேண்டாம் என்கிறது பிரித்தானியாவின் அறிவுறுத்தல். மணித்தியாலக் கூலிக்குக் கோப்பை கழுவும் எம்மவரில் எத்தனை பேரால் அப்படி வீட்டில் படுத்திருக்க முடியும்?

நோய் பரவும் வேளையில் இவருக்குக் குளிசை கொடுத்தால் கிருமி வெளியேறுவது குறையலாம். பயன் சாப்பிட வருபவருக்கு, முதலாளிக்கு. பிறருக்காக ஒருவர் மருந்து விழுங்குவதில் தவறில்லை. தடுப்பூசி போடும்போது ஓரளவுக்கு அதைத்தான் செய்கிறோம். ஆனால் தானே விரும்பி விழுங்குவதும், வேலை போய்விடும் என்று பயந்து விழுங்குவதும் ஒன்றா? பக்கவிளைவு வந்தால் அது குசினிக்காரரின் உடம்பில்தான் வரும். சம்பளத்தோடு இரண்டு நாள் லீவு கொடுக்க எந்த ஆய்வுகூடமும் தேவையில்லை. அதைவிடக் குளிசைப் பெட்டி மலிவென்று ஒரு முதலாளி கணக்குப் பார்த்தால், அந்தப் பெட்டியை எழுதிக்கொடுக்கும் டொக்டர் யாருக்கு வைத்தியம் செய்கிறார்?