பொய்ப் பூச்சியும் மெய்க் கேள்வியும்

கரையோரப் பங்கொன்றைச் சேர்ந்த தாய் ஒருவர் அண்மையில் ஒரு நெருப்புப்பெட்டியுடன் எம்மிடம் வந்தார். உள்ளே பஞ்சின்மேல் ஐந்து சிறு தூண்டில்கள் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு சென்ரிமீற்றர் நீளம் வரும். இறகின் இழைகளும் மெல்லிய செப்புக் கம்பியும் சுற்றி, ஏதோ பூச்சியின் உருவம் அவற்றின்மேல் செய்யப்பட்டிருந்தது. இங்கிலாந்தில் வாழும் மகன் புதிதாகப் பழகிக் கட்டியவை அவை. காலமெல்லாம் கடற்றொழில் செய்து மறைந்த தகப்பனாரின் நினைவாக அவற்றைத் தாய்க்கு அனுப்பியிருக்கிறார்.

"சுவாமி, உயிரில்லாத பூச்சியைக் கட்டி மீனை ஏமாத்துறானாம். பிடிச்ச மீனைப் பிறகு ஆத்திலேயே விட்டிடுறானாம். இது பாவமில்லையோ?" என்று கேட்டார்.

சிரித்து அனுப்பிவிடக்கூடிய கேள்வியல்ல அது. உண்மையில் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

முதலில் அந்தப் பூச்சியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆறுகளில் பிறக்கும் சில ஈயினங்கள் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சிறகு விரியாத பருவத்தில், தண்ணீருக்கடியிலேயே கழிக்கின்றன. பின்னர் மேலே வந்து, சிறகு விரித்து, ஓரிரு நாளில் முட்டையிட்டு மடிகின்றன. அந்த நீரடிப் பருவத்துக்கு நிம்ப் என்று பெயர். ட்ரவுட் மீன் பெரும்பாலும் தின்பது இதையே. (நமது தீவின் நுவரெலியா ஓடைகளிலும் இம்மீன் உண்டு. இதே விளையாட்டுக்காகவே வெள்ளையர் 1880களில் அதைக் கொண்டுவந்து விட்டனர்.)

வில்ற்சயரில் அவொன் ஆற்றின் காவலராக வேலைபார்த்த பிராங் சோயர் என்பவர் இப்பூச்சிகளை ஆண்டுக்கணக்காக உற்றுநோக்கினார். நீந்தும்போது அவை கால்களை உடம்போடு ஒடுக்கிக்கொள்வதைக் கண்டார். ஆகவே தாம் கட்டிய பூச்சிக்கு அவர் கால்களே வைக்கவில்லை. நூலையும் விட்டார். பெசன்ற் என்னும் பறவையின் வால் இறகில் சில இழைகளும், மயிர் போன்ற செப்புக் கம்பியும் அவருக்குப் போதுமாயிருந்தன. கம்பியே இழைகளைக் கட்டியது. கம்பியே பூச்சியைத் தாழ்த்தும் பாரமாயிற்று. இழைகளுக்கிடையே தெரியும் செம்புநிறமும் அதனுடையதே. 1958இல் அவர் வெளியிட்ட நூல் வழியாக இம்முறை உலகெங்கும் பரவியது.

நெருப்புப்பெட்டியில் இருந்தவை சோயரின் முறையில் கட்டியவைதாம். முதலாவது, மயிர்க்கொட்டியைப் போல் பருத்திருந்தது. புதிதாகப் பழகுபவரின் கை எப்போதும் கூட்டியே வைக்கும். இரண்டாவதில் கம்பியை முன்வரை சுற்றி, தங்கூசி நுழையவேண்டிய துளையையே மூடிவிட்டார். அதைக் கொண்டு மீன் பிடிக்க முடியாது. மூன்றாவதில் கம்பி தளர்ந்து இழைகள் கழன்றிருந்தன. நான்காவது ஒருவாறு தேறும். ஐந்தாவதை மேசையில் வைத்துச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊர்ந்துவிடுமோ என்று தோன்றியது. பழுதானவற்றையும் ஒளிக்காமல் தாய்க்கு அனுப்பிய அந்த மகன்மேல் எமக்கு ஒரு பிரியம் உண்டாயிற்று என்பதையும் சொல்லவேண்டும்.

இனி முதற் கேள்வி. மீனை ஏமாற்றுவது பொய்யா? புனித அகுஸ்தீனார் பொய்யைப் பற்றியே இரண்டு நூல்கள் எழுதினார். எந்த நன்மைக்காகவும் பொய் சொல்லலாகாது என்பது அவர் துணிவு. ஆயினும் பொய் என்பது மனத்திலிருப்பதற்கு மாறாக இன்னொருவருக்குச் சொல்வது. சொல்லைக் கேட்டு நம்பும் உரிமை மீனுக்கு இல்லை. நாம் அதனோடு பேசவுமில்லை. போரில் பதுங்கியிருப்பதுகூடப் பொய்யாகாது என்று புனித தோமஸ் அக்குவீனாஸ் தீர்த்திருக்கிறார். றால் உருவில் செய்த பொய் இரையைக் கொண்டு கணவாய் பிடிக்கும் நம்மவரை எந்தக் குருவானவரும் பாவசங்கீர்த்தனத்தில் கண்டித்ததாக நாம் அறியோம். யேசுவே பேதுருவைத் தூண்டில் போட அனுப்பியதை மத்தேயு நற்செய்தி 17ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டநூல் குருக்களை வேட்டையிலிருந்து விலகியிருக்கச் சொன்ன இடத்தில் மீன்பிடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முதற் பாப்பரசரின் தொழிலை நினைத்தோ என்னவோ!

ஆகவே பொய்ப் பூச்சியில் குற்றமில்லை. இரண்டாம் கேள்விதான் நம்மை வருத்துகிறது.

வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தின் கனவான்களும் இந்த நிம்பைப் பற்றி நீண்டகாலம் நீதி நியாயம் பேசினார்கள். பொய்ப் பூச்சி நீரின்மேல் மிதக்கவேண்டும், அதுவே நேர்மையான ஆட்டம் என்றனர் ஹல்போர்ட் என்பவரைப் பின்பற்றியோர். நீரடியில் தாழவிடலாம் என்றார் ஸ்கியூஸ் என்னும் சட்டத்தரணி. 1938இல், அவர் எண்பதை அணுகிய வயதில், இலண்டன் கழகமொன்றில் இதற்கென ஒரு விவாதமே நடந்தது. மிதப்பதா தாழ்வதா என்பதே அங்கு கேள்வி. மீனின் வாயில் ஏறும் ஊசி இரண்டிலும் ஒன்றே. ஒரு கூட்டத்தார் தமக்குள் வகுத்த ஆட்ட விதி, நாளடைவில் மனச்சான்றின் குரலைப் போலவே பேசத் தொடங்கிவிடுகிறது. நமது ஊர்களிலும் கோயில் திருவிழா முறைகளில் இதைக் கண்டிருக்கிறோம். இப்போது அதைவிட்டு மீனுக்கு வருவோம்.

2003இல் எடின்பரோவில் ஆராய்ந்தவர்கள், ட்ரவுட் மீனின் முகத்தில் காயத்தை உணரும் நரம்புமுனைகள் உண்டு எனக் கண்டனர். நாம் நோவதுபோல் அது நோகிறதா என்பதில் அறிஞர் இன்னும் ஒருமனப்படவில்லை. எனினும் ஐயமுள்ள இடத்தில் இரக்கத்தின் பக்கம் சாய்வதே விவேகம். காரணமின்றி விலங்குகளை வருத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு ஏற்றதல்ல என்று 1992ஆம் ஆண்டின் திருச்சபை மறைக்கல்வி நூல் சொல்கிறது. 'காரணமின்றி' என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

விடுபவர்கள் தரும் நியாயத்தையும் கேட்கவேண்டும். ஆற்றில் தாமாகப் பிறந்து வளரும் மீன் குறைந்துவருகிறது. பிடித்தவரெல்லாம் கொண்டுபோனால் ஆறு வெறுமையாகும். அதனால் பல ஆறுகளில் விடும்படியே விதி. முள்ளில்லாத தூண்டில் பாவித்து, கையை நனைத்துப் பிடித்து, விரைவில் விடுகிறார்கள். வலையில் பட்டதெல்லாம் மாண்டுபோகும் நமது தொழிலைவிட இதில் சாவு குறைவு. இவ்வளவும் உண்மையே. ஆனால் இவை விடுவதற்குக் காரணங்கள்; பிடிப்பதற்கு அல்ல. மீனைக் காப்பதே நோக்கமானால் கரையில் இருந்து பார்க்கலாமே! சுவிற்சர்லாந்தின் 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகள், விடும் எண்ணத்தோடே மீன்பிடிப்பதைத் தடுத்தன. அந்தத் தாயின் கணவர் பசிக்காகப் பிடித்தார். பிள்ளைகள் உண்டார்கள், படித்தார்கள். அவர் கொன்ற மீன்களுக்குக் கணக்குக் கேட்டால் விடை இருக்கிறது. மகன் விட்ட ஒரு மீனுக்கு விடை சொல்ல எமக்குத் தெரியவில்லை.

மகனைப் பாவி என்று சொல்ல நாம் துணியோம். விலங்கிடம் காட்டும் கொடுமை மனிதரிடமும் கொடுமையைப் பழக்கும் என்று அஞ்சினார் புனித தோமஸ். இங்கே நாம் கண்டது கொடுமைக்காரரின் கைவேலையல்ல. விரல் நுனியளவு பூச்சி ஒன்று நீரில் எப்படி அசைகிறது என்று கவனிக்கக் கற்றவரின் கை அது. கட்டுவதை அவர் விடவேண்டாம்.

அந்தத் தாயிடமும் இவ்வளவையும் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார்.

"அப்ப ஒண்டையாவது வீட்டை கொண்டுபோய்க் காய்ச்சித் தின்னச் சொல்லி எழுதட்டோ, சுவாமி?"

"எழுதுங்கோ அம்மா. வளர்த்து விட்ட மீனைப் பிடித்துக் கொண்டுபோக விடுகிற குளங்களும் அங்கே உண்டு. அப்படியான இடத்துக்குப் போகச் சொல்லுங்கோ."

"ட்ரவுட்டுக்குப் புளி எவ்வளவு விடவேணும் எண்டு அவனுக்குத் தெரியாது," என்றபடி நெருப்புப்பெட்டியை மூடிக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.